செல்ல நாயோடு பார்க்குக்குக் கிளம்பிட்டீங்களா? வால் ஆடுவதை மட்டும் நம்பாதீங்க!

'ப்ரூனோ அம்மா', 'சீசர் அப்பா'... நாய்கள் கூடும் பார்க்கில் மனிதர்களுக்கு இதுதான் பெயர். ஒரே தெருவில் பத்து வருஷம் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள்கூட, கையில் நாய்ச் சங்கிலியோடு நின்றால் உண்ணி மருந்து, சாப்பாடு என்று அரை மணி நேரம் பேசிவிடுவார்கள்.

நாய்களுக்கென்றே ஒரு பார்க்கை ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில் திறந்தது. சுமார் 1.3 ஏக்கர். நாய்கள் குளிக்கச் சின்னக் குளம், பெரிய நாய்களுக்கும் சின்ன நாய்களுக்கும் தனித்தனி இடம் எல்லாம் உண்டு. அந்தத் தனித்தனி இடம்தான் முக்கியம். லேப்ரடார் விளையாட்டாக ஒரு கால் வைத்தாலே பொமரேனியனுக்கு எலும்பு முறியலாம். நம்ம ஊர் சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்குப் பெயர் போன இனம். குட்டி நாய் ஒன்று குடுகுடுவென ஓடினால் துரத்தத் தோன்றுவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

நம்மில் பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பது சாதாரண பார்க்தான். ஊஞ்சலில் குழந்தைகள் இருப்பார்கள், தாத்தா பாட்டிகள் நடந்துகொண்டிருப்பார்கள். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அந்தக் குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டிவந்தது. அதன் பிறகுதான் உரிமம், சங்கிலி, வாய்மூடி பற்றி மாநகராட்சி கறார் காட்டத் தொடங்கியது.

"வாய்மூடி போட்டா பாவம்ங்க" என்பவர்கள், நாயைப் பார்த்ததும் நடைபாதையைவிட்டு இறங்கி நிற்கும் பாட்டியையும் கொஞ்சம் பாருங்கள். கூடை மாதிரியான வாய்மூடி வாங்கினால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் வெயிலுக்கு ஆபத்து.

புது நாய்களைச் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்பதை உடல்மொழியே சொல்லிவிடும். முன்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கினால் 'விளையாட வா' என்று அர்த்தம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் முறைத்தால் உடனே பிரித்துக் கூட்டிப் போங்கள். பலரும் ஏமாறுவது வாலில்தான். விறைப்பாக மேலே தூக்கிய வால் ஆடினால் அது நட்பு இல்லை, பதற்றம். உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிவது எல்லாம் 'எனக்குப் பயமா இருக்கு' என்பதன் அடையாளம். அப்போது "போ, ஃப்ரெண்டு பிடி" என்று தள்ளிவிடாதீர்கள். முதல் சில நாள் கேட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும். இதையெல்லாம் கவனிக்க வேண்டிய நேரத்தில்தான் பலரும் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பந்தும் பிஸ்கட்டும்கூடச் சண்டைக்குக் காரணமாகலாம். பல நாய்கள் இருக்கும் இடத்தில் அவை பையிலேயே இருக்கட்டும். சண்டை வந்துவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போய்க் கடி வாங்குபவர்களே அதிகம். தண்ணீரை ஊற்றுங்கள், பெரிதாகச் சத்தம் எழுப்புங்கள்.

யாரையாவது கடித்துவிட்டாலோ, பல் பட்டுக் கீறிவிட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சே' என்று சமாதானம் சொல்லி அவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

குட்டி நாய் வளர்ப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பார்க்கில் வேறு நாய் கழித்த இடத்தை மோந்தாலே தொற்றிக்கொள்ளலாம். ரத்த வயிற்றுப்போக்கில் ஓரிரு நாளிலேயே குட்டி போய்விடும். சுமார் நான்கு மாதத்தில் முதல் சுற்றுத் தடுப்பூசிகள் முடிந்து, கால்நடை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு கூட்டிப் போகலாம். அதே காரணத்துக்காகத்தான் உங்கள் நாய் கழித்ததை நீங்களே கவரில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கவிட்டால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு.

நேரம் அதிகாலையாக இருப்பது நல்லது. புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களால் சில விநாடிகூட வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு வெயில் சீக்கிரமே மூச்சுத்திணறலில் கொண்டுபோய்விடும்.

வீடு திரும்பியதும் காது மடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். சாப்பாட்டை உடனே வைக்காமல், கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்குவது அடங்கிய பிறகு வையுங்கள்.