நீல ரோஜா விதையும் 'மாதிரிப் படம்' என்ற சாக்கும்

நூறு ரூபாய்க்குள் ஒரு பாக்கெட் நீல ரோஜா விதை. படத்தில் மயில் கழுத்து நிறத்தில் இதழ்கள், மேலே பனித்துளி, கீழே வரிசையாக நட்சத்திரங்கள். ஆன்லைனில் ரோஜா விதை தேடியவர்களுக்கு இந்த விளம்பரம் புதிதல்ல. வாங்கியவர் தொட்டியில் ஊன்றித் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார். முளைத்தால் ஏதோ ஒரு செடி முளைக்கும். அதற்குள் ரிட்டர்ன் கெடு தாண்டியிருக்கும்.

அசல் நீல ரோஜா உலகில் எங்கும் பூப்பதில்லை. நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் நிறமியை உண்டாக்கும் மரபணு ரோஜாவுக்குக் கிடையாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் பல ஆண்டுகள் முயன்று, மரபணு மாற்றி உருவாக்கிய ரோஜா 2009-இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. அதுவும் பார்வைக்கு இளஊதாதான். கடைகளில் காணும் 'வானவில் ரோஜா'வோ, வெளிர்நிற ரோஜாவின் காம்பைக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒரு சாயநீரில் நிறுத்தி எடுப்பது. சாயம் விதையில் ஏறாது. அதிருக்கட்டும், சாதாரணக் கலப்பின ரோஜாவின் விதையே தாய்ச்செடியைப் போலப் பூப்பதில்லை. அதனால்தான் நர்சரிக்காரர்கள் ஒட்டுக் கட்டியும் குச்சி நட்டும் செடி எடுக்கிறார்கள். ஆக, இங்கே மிகைப்படுத்திய படம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இல்லாத சரக்கையே விற்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த பூனைமுகப் பூவைக் காட்டிக்கூட விதை விற்றிருக்கிறார்கள்.

பொக்கே விஷயம் இதைவிட நுட்பமானது. அங்கே பூ நிஜம், படம்தான் சாமர்த்தியம். பூக்கள் எல்லாம் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கும். பின்பக்கம் வெறும் காகிதமும் இலையும்தான். பக்கத்தில் அளவு காட்ட ஒரு கையோ ஜாடியோ இராது. படத்தில் இருப்பது 'பிரீமியம்' கொத்து, பெரிய எழுத்தில் போட்டிருப்பது சின்னக் கொத்தின் விலை. இன்னொன்றும் உண்டு. பூ விற்கும் இணையதளங்கள் சிலவற்றுக்குச் சொந்தமாகப் பூக்கடையே கிடையாது. ஆர்டரை வாங்கி, தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உள்ளூர்க் கடைக்குத் தள்ளிவிடுவார்கள். கடைக்காரர் கைக்கு வந்த காசுக்குத்தானே கட்டுவார்? இருபது ரோஜா இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வரும். மீதி இடத்தை ஜிப்சோஃபிலாவும் பச்சை இலையும் அடைக்கும்.

இந்த வியாபாரம் தடையின்றி நடப்பதற்குக் காரணம், பணம் கொடுத்தவர் பூவைப் பார்ப்பதே இல்லை என்பது. பெங்களூரில் இருப்பவர் திருச்சியில் இருக்கும் அக்காவுக்குப் பிறந்தநாள் பொக்கே அனுப்புகிறார். அக்காவோ, வாடிப்போன கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ரொம்ப அழகா இருந்துச்சுப்பா" என்பார். பரிசைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

வியாபாரிகள் பக்கமும் நியாயம் உண்டு. மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து சரிந்து, கிலோ விலை ஆயிரங்களில் ஏறுவது மதுரை, திண்டுக்கல் சந்தைகளுக்குப் பழகிப்போனது. இதழின் சாயல் சற்று மாறுவதையும் ஒரு மொட்டு விரியாமல் வருவதையும் மோசடி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு வார்த்தை கேட்காமல் லில்லிக்குப் பதில் சாமந்தி வைப்பதும், எண்ணிக்கையில் கைவைப்பதும் அந்தக் கணக்கில் சேராது.

புகார் சொன்னால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மாதிரிப் படம்னு கீழே போட்டிருக்கோமே சார்." சட்டம் அதை அவ்வளவு சுலபமாக ஏற்பதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தின் அடிக்குறிப்பு முக்கியச் செய்தியை விளக்கலாம்; அதற்கு முரணாக இருக்கக் கூடாது. மின்வணிக விதிகள் 2020 இன்னும் நேரடியானவை. விளம்பரம் பொருளின் உண்மைத் தன்மையோடு பொருந்த வேண்டும். விளம்பரத்தில் காட்டியபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ, பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. சொன்ன நேரம் தப்பி வந்த பொருளுக்கும் இது பொருந்தும். பிறந்தநாள் முடிந்து மறுநாள் வரும் பொக்கே இதில் அடக்கம். 'அழுகும் பொருள், ரிட்டர்ன் கிடையாது' என்று தளத்தில் எழுதி வைத்துவிட்டால் மட்டும் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

சிக்கல் சாட்சியத்தில்தான். பூ இரண்டு நாளில் வாடிவிடும், விளம்பரப் படத்தையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஆகவே ஆர்டர் போடும்போதே படம், விலை, எண்ணிக்கை மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட வேண்டும். பெற்றுக்கொள்பவரிடம் கூச்சப்படாமல் சொல்லி, பார்சலைப் பிரிப்பதை முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுக்கச் சொல்வது நல்லது.

முதல் புகார் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு. அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எண்ணூறு ரூபாய் பொக்கேவுக்கு இத்தனை அலைச்சலா என்று தோன்றலாம். நிறையப் பேருடைய பிரச்சினை 1915-ஐத் தாண்டாமலே முடிந்துவிட வாய்ப்புண்டு.

இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, ஜிபேயில் முன்பணம் கேட்கும் விற்பனையாளர்களிடம் இன்னும் உஷார் தேவை. முகவரி, பில் இரண்டையும் முதலிலேயே கேட்பதும், அன்றைக்குக் கட்டிய கொத்து ஒன்றின் படத்தை அனுப்பச் சொல்வதும் தப்பில்லை. பணம் வாங்கிய பிறகு எண்ணை பிளாக் செய்துவிட்டால் அது சைபர் மோசடி. தாமதிக்காமல் 1930-க்கு அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க வழி இருக்கிறது.