ஒட்டுப்போர்வையும் வீட்டு நாட்காட்டியும்

ஒட்டுப்போர்வை என்பது, பல துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்த மேல்விரிப்பு, பஞ்சோ பழந்துணியோ பரப்பிய நடுவடுக்கு, இவற்றைத் தாங்கும் அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையல்களால் பிணைத்து உருவாக்கப்படுவது. கடைகளிலும் கைவினைக் கண்காட்சிகளிலும் அது 'குவில்ட்' என்ற பெயரால் அறியப்படுகிறது. துண்டுகளை இணைப்பது ஒரு வேலை, அடுக்குகளைப் பிணைப்பது மற்றொரு வேலை. இரண்டாவது வேலைக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஓட்டுத் தையல், அதாவது ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேர்கோட்டில் நடத்திச் செல்லும் மிக எளிய தையல். எளிமை வேகத்தைத் தருவதில்லை. ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் கொண்ட ஒரு போர்வையில் அங்குலத்துக்கு ஒரு வரிசை வீதம் நீளவாக்கில் தைத்தால் ஏறத்தாழ 60 வரிசைகள் வரும். அவற்றின் மொத்த நீளம் 420 அடி. அங்குலத்துக்கு ஆறு தையல் என்று கொண்டால், 30,000-க்கும் மேற்பட்ட முறை ஊசி துணிக்குள் இறங்கி ஏறவேண்டும். சமையல், பிள்ளைகளின் படிப்பு, விருந்தினர் வருகை, பண்டிகை என்று அடுக்கடுக்காக வேலை நிற்கும் ஒரு வீட்டில், இந்த முப்பதாயிரமும் ஒரே பருவத்தில் நிறைவேறுவது அரிது.

அதனால்தான் பாதியில் நிற்கும் போர்வை உலகெங்கும் காணப்படும் ஒன்றாக இருக்கிறது. அதைத் தைப்பவரின் சோம்பலுக்குச் சான்றாகக் கருதும் வழக்கம் தைப்பவர்களிடையே கூட உண்டு. ஆயினும் இக்கைவினையின் வரலாற்றையும் அமைப்பையும் சற்று நெருங்கிப் பார்த்தால், சிறு துண்டு, சிறு தையல், மடித்து எடுத்து வைக்கும் வசதி என்று அதன் ஒவ்வோர் இயல்பும் அடிக்கடி குறுக்கிடப்படும் நேரத்துக்கு ஏற்றவாறு உருவானதாகவே தோன்றும்.

இந்த வரலாற்றில் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக்கும் ஓரிடம் உண்டு. 1690-ஆம் ஆண்டில், செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுடப்பட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரை இருந்த ஊர்களும் விற்பனையில் அடங்கியதால் அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன, குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அந்த விசித்திரமான நில அளவையை இன்றும் நினைவூட்டுகிறது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது இக்கரையில் கம்பெனியின் தலைமையிடமாகவும் இக்கோட்டையே விளங்கியது. போர்களும் கவர்னர்களும் வரலாற்று நூல்களில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டாலும், கம்பெனி இக்கரைக்கு வந்ததன் அடிப்படைக் காரணம் துணி.

சோழமண்டலக் கரையின் பெயர் ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தது சீட்டித் துணியின் வாயிலாக. பருத்தித் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, சாயம் பற்றுவதற்காகப் படிகாரக் கரைசலால் கோலமிட்டு, சாயவேரில் காய்ச்சிச் சிவப்பேற்றி, அவுரியின் நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடி, வெயிலில் மீண்டும் மீண்டும் வெளுத்து எடுக்கும் இம்முறையை, 1734-ஐ ஒட்டிப் புதுச்சேரியில் தங்கியிருந்த போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி துணி மாதிரிகளுடன் படிப்படியாகப் பதிவுசெய்திருக்கிறார். துவைத்தாலும் போகாத இந்த நிறம் அக்கால ஐரோப்பியருக்குப் பெரும் புதுமை. தங்கள் நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரைக் காக்க விரும்பிய இங்கிலாந்து நாடாளுமன்றம், 1700-இல் இயற்றிய சட்டத்தால் சாயமேற்றிய இந்தியப் பருத்தித் துணியை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையும் வீட்டில் பயன்படுத்துவதையுமே தடைசெய்தது. அத்தடை 1774-இல்தான் நீங்கியது. கிடைப்பதற்கு அரிதான பொருளின் துண்டையும் எவரும் எறிவதில்லை. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லெவன்ஸ் ஹால் மாளிகையில் இன்றும் இருக்கும், 1708-ஐ ஒட்டித் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒட்டுப்போர்வையும் கட்டில் திரைகளும் இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனவை; அம்மாளிகைக் குடும்பத்துப் பெண்களே அவற்றைத் தைத்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஒட்டுவேலைகளில் மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று என்பதால், துண்டு சேர்க்கும் ஆங்கிலேய மரபின் தொடக்க ஏடுகளில் இந்தியத் துணியின் சாயம் ஒட்டியிருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

வேலை மெல்ல நகர்ந்ததற்கும் எழுத்துச் சான்று உண்டு. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின், 1811 மே 31 அன்று தம் அக்காள் கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்தில், ஒட்டுவேலைக்கான துண்டுகளைச் சேகரிக்க நினைவிருந்ததா என்று கேட்டு, அவை வராததால் இங்கே வேலை நின்றுபோயிருக்கிறது என்று தெரிவிக்கிறார். தாயும் இரு மகள்களும் சேர்ந்து தைத்ததாகக் கருதப்படும் அந்தப் போர்வை, சாட்டன் ஊரில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டில்தான் அவருடைய முதல் நாவல் அச்சேறியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டில் எழுத்தும் தையலும் விருந்தோம்பலும் ஒன்றையொன்று முந்திக்கொண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டும் நடந்திருக்கவேண்டும் என்று ஊகிக்கலாம்.

முடிவடையாத போர்வைகள் வரலாற்றாசிரியருக்கு ஒரு வகையில் முடிந்தவற்றைவிட அதிகம் உதவுகின்றன. ஆங்கிலேய முறையில், ஒவ்வொரு துணித்துண்டும் அறுகோணமாகவோ சாய்சதுரமாகவோ வெட்டிய ஒரு தாளின்மீது மடித்துத் தைக்கப்பட்டு, பிறகு பக்கத்துத் துண்டோடு இணைக்கப்படும். பொதுவாக, வேலை முடியும் தறுவாயில் தாள்கள் உருவி எடுக்கப்படும். வேலை நின்றுபோன இடங்களில் தாள்கள் உள்ளேயே தங்கிவிடுவதால், பழைய கடிதங்கள், கணக்கேடுகள், பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித் தாள்கள் ஆகியவற்றின் துணுக்குகள் அங்கே அகப்படுகின்றன, அவற்றைக்கொண்டு துணியின் காலமும் கணிக்கப்படுகிறது.

இந்தியாவுக்குள் இக்கலையின் வளமான வடிவங்கள் வங்கத்திலும் பீகாரிலும் மராட்டியத்திலும் வடகர்நாடகத்திலும் உள்ளன. வங்கத்துக் காந்தா, பழைய புடைவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடைவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையலிட்டுச் செய்யப்படுவது. வயல்வேலை ஓயும் மழைமாதங்கள் அதற்குரிய பருவம். ஒரு தலைமுறை தொடங்கியதை அடுத்த தலைமுறை முடிப்பதும் அங்கே புதிதன்று. இவற்றைவிட, இடைநிறுத்தத்தைத் தாங்கும் வகையில் அமைந்தது, உத்தரகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்களின் 'கவந்தி' எனப்படும் போர்வை. அதில் மேல்விரிப்பைத் தனியே தைத்து முடித்து, பிறகு அடுக்குகளைப் பிணைப்பது என்ற இரண்டு கட்டங்களே இல்லை. பெரும்பாலும் பழைய சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஓட்டுத் தையலிட்டபடியே அடுத்த துண்டையும் அடுத்ததையும் பொருத்தி, ஓரத்தைச் சுற்றிவந்து, உள்நோக்கிச் சுழன்று நடுவில் முடிப்பார்கள். எந்த நாளில் நிறுத்தினாலும் அதுவரை தைத்த பகுதி முழுமையாகவே இருக்கும். அளவு முதலிலேயே தீர்மானமாகிவிடுவதால், நடுவில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைப் பார்த்தே எவ்வளவு பாக்கி என்பதை யாரும் அறியலாம். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணிகளை அடுக்கிப் 'பூ' வைத்தபின்பே போர்வை நிறைவுபெற்றதாகக் கொள்ளப்படும். 2004-இல், அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவலின் துணையுடன், இவ்வேலையில் ஈடுபடும் பெண்களுக்கான கூட்டுறவு அமைப்பு ஒன்றும் அங்கே தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் துண்டுத்துணி வேலையின் சிறப்பு வடிவம் வீட்டில் இல்லை, தேரில் இருக்கிறது. சிதம்பரம் நடராஜர் கோயிலில் ஆனித் திருமஞ்சனத்தையும் மார்கழித் திருவாதிரையையும் ஒட்டி நடைபெறும் இரண்டு பெருவிழாக்களிலும், ஒன்பதாம் நாளில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. இத்தகைய தேர்களை அணிசெய்யும் தேர்ச்சீலைகளும், உருளை வடிவில் தொங்கும் தொம்பைகளும், ஒரு நிறத் துணியின்மேல் வேறு நிறங்களில் வெட்டிய யாளி, மயில், தாமரை முதலிய உருவங்களை ஒட்டித் தைத்துச் செய்யப்படுபவை. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதிகளில் இதனைத் தொழிலாகச் செய்வோர் உள்ளனர். தேரோட்ட நாள் பஞ்சாங்கத்தில் குறிக்கப்பட்டுவிடும், தொம்பைக்காக அது காத்திராது; எனவே பட்டறையில் பலர் கூடி, பகலிரவாக உழைத்து, கூலி பெற்று அவ்வேலையை முடிக்கிறார்கள். நாள் குறித்த வேலை பட்டறைக்கும் நாள் குறிக்காத வேலை வீட்டுக்கும் உரியதாகப் பிரிந்துபோனதை இங்கே தெளிவாகக் காணலாம். இன்று பொழுதுபோக்காகப் போர்வை தைப்பவர்கள், தங்கள் பெட்டியில் தேங்கிக் கிடப்பவற்றைக் கண்டு அடையும் குற்றவுணர்வு, பட்டறையின் அளவுகோலை வீட்டில் வைத்து அளப்பதால் வருவது என்றே தோன்றுகிறது.

தமிழ்க் கடற்கரையில் பெரிய போர்வைகள் ஏன் உருவாகவில்லை என்பதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் கோரைப்பாயே போதுமானது, மார்கழிப் பனிக்கு ஒரு பருத்திப் போர்வை தாராளம், மெத்தை வேண்டுமென்றால் இலவம் பஞ்சு கிடைக்கும். ஆயினும் அண்மைக்காலத்தில் நகரங்களில் இதை விரும்பிக் கற்போர் பெருகியுள்ளனர். 2019-இல் சென்னையில் போர்வைத் தையலுக்கென்றே தேசிய அளவிலான விழா நடைபெற்றது. பாலிதீன் உறைகளில் அளவாக வெட்டிய பருத்தித் துண்டுகள், உருளைக் கத்தி, விரிப்புப் பஞ்சு என்று கருவிகளும் விலைக்கு வந்துவிட்டன. நேரம் மட்டும் விலைக்கு வரவில்லை.

அந்த நேரம் தேவனாம்பட்டினம் போன்ற ஊரில் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடல் ஓய்ந்தால் வீடு ஓயும் என்று வெளியூரார் நினைக்கக்கூடும், ஆனால் ஆடவர் வீட்டிலிருக்க, பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் கோயில் திருவிழாக்களும் கல்யாணங்களும் சேர்ந்துவர, வருமானம் குறைந்து சமையல் கூடும் காலம் அது. வலைகளைப் பழுதுபார்ப்பதற்கும் அதுவே காலம். அறுந்த கண்ணை மட்டும் எடுத்துப் பின்னி, மிச்சத்தை நாளைக்கு வைக்கும் அந்த வேலை, இயல்பில் ஒட்டுப்போர்வைக்கு மிக நெருங்கியது. மாசிமகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்காக இக்கடற்கரைக்கு வந்துசேர, ஊர் முழுவதும் கூட்டத்தால் நிரம்பும். காணும் பொங்கலன்றும் அப்படியே.

துணித்துண்டுகள் மிகுதியாகக் கிடைப்பது தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், தையற்கடைகளின் மேசைக்கடியில் வெட்டுத்துணி குவியும்போது. அதையடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஆளை வீட்டுக்குள் அமர்த்துவதால், தைப்பதற்கு ஏற்ற பருவம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்லவேண்டும். ஆனால் அதற்கும் இடையூறுகள் உண்டு. உப்புக்காற்றில் ஊசி துருப்பிடிக்கும், துருவேறிய ஊசி வெள்ளைத் துணியில் போகாத கறையை விடும். ஈரத்தில் மடித்து வைத்த பருத்தியில் பூஞ்சை பூக்கும். எனவே பாதி தைத்ததை எடுத்து வைக்கும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காமல் தனியே எண்ணெய் தொட்டு வைப்பதும், துணியை நன்கு உலர்த்தி, வேப்பிலையோ வசம்போ இட்டு, பழைய வேட்டியில் சுற்றி வைப்பதும், வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்து ஆற்றுவதும் பயனளிக்கும். மாதக்கணக்கான இடைவெளிக்குப் பின் தொடங்கும்போது தையலின் இறுக்கம் மாறித் தெரிவதும் இயல்பே, பழைய காந்தாக்களிலும் அத்தகைய மாற்றங்களைக் காணலாம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய ஊர்களுள் தேவனாம்பட்டினமும் ஒன்று. அதன்பின், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பு நிறுவனம், பாதிக்கப்பட்ட கடலோரக் கிராமப் பெண்களுக்குத் தையல் கழிவுத் துணியிலிருந்து 'சுனாமிகா' என்ற சிறு பொம்மை செய்யப் பயிற்சி அளித்தது. பொம்மை விரலளவே ஆனது, ஒரே இருப்பில் முடியக்கூடியது. வாழ்க்கை குலைந்த நிலையில் கைக்கு வேலை தேவைப்படுவோருக்கு, முப்பதாயிரம் தையலைக் கேட்கும் போர்வையைவிட அதுவே பொருத்தமானது.

கடலூர்ப் பகுதி வீடுகளில் வழிவழியாகத் தைக்கப்பட்டுவரும் ஒட்டுவிரிப்பும் சிறியதே. வளைகாப்பு முடிந்த வீட்டில், பாட்டியோ அத்தையோ, பலமுறை துவைத்து நைந்து மென்மையான பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் கிழித்து, நான்கைந்தாக மடித்து, ஓரங்களையும் நடுவையும் ஓட்டுத் தையலால் பிடித்துப் பிறக்கப்போகும் குழந்தைக்கு விரிப்புகள் தைத்து வைப்பார்கள். புதுத்துணியின் கஞ்சி குழந்தையின் உடம்பில் உறுத்தும் என்பதால் பழந்துணிக்கே இங்கு மதிப்பு. வீட்டுத் தையல்களில் நாள் குறிக்கப்பட்ட ஒரே தையல் இது, ஆகவே தவறாமல் முடிவதும் இதுதான். ஒரு நாளைக்குப் பலமுறை நனைந்து, அலசப்பட்டு, கொடியில் காய்ந்து, குழந்தை நடக்கத் தொடங்குவதற்குள் கிழிந்து கைப்பிடித் துணியாகவும் தரை துடைக்கும் துணியாகவும் ஆகிவிடுவதால், லெவன்ஸ் ஹாலின் சீட்டியைப் போல அவை நூற்றாண்டு கடந்து எஞ்சுவதில்லை.