தேகப்பயிற்சியும் தசைவலியும்

குஜராத் மாநிலத்தில் ஜூனாகட் நகரை அடுத்துள்ள கிர்னார் மலையின் உச்சிவரை செல்லும் யாத்திரிகர்கள் ஏறத்தாழ 10,000 கற்படிகளைக் கடக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டில் அங்குக் கம்பிவட ஊர்தி தொடங்கப்பட்ட பின்னரும் நடந்தே ஏறுவோர் பலர். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, அடிக்கடி அமர்ந்து இளைப்பாற நேர்கிறது. இறங்குவதோ எளிதாகவே தோன்றுகிறது. அன்றிரவு களைப்பைத் தவிர வேறு துன்பம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்ததும் தொடைகளும் கெண்டைக்கால்களும் விறைத்து வலிக்கின்றன. இரண்டாம் நாள் வலி இன்னும் மிகுகிறது. சமதரையில் ஒருவாறு நடக்க முடிந்தாலும், ஒரே ஒரு படி இறங்குவதும் பெரும்பாடாகிவிடுகிறது.

இவ்வநுபவம் மலையேறுவோருக்கு மட்டும் உரியதன்று. கோடை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்து, முதல் நாள் தேகப்பயிற்சி வகுப்பில் உற்சாகமாகப் பஸ்கி போட்ட மாணவர்கள், மூன்றாம் நாள் மைதானத்திற்கு வரத் தயங்குகின்றனர். நெடுநாள் அலுவலகத்தில் இருந்துவிட்டு நில அளவைக்கோ காட்டுப் பணிக்கோ செல்லும் ஊழியரும் இதே துன்பத்தை அடைகின்றனர். நடவுப் பருவத்தின் முதல் சில நாட்களில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடுவோருக்கும் இது புதிதன்று.

வலி தானாகவே தீர்ந்துவிடும். ஆயினும் அதனால் விளையும் கேடு சிறிதன்று. பயிற்சி தம் உடலுக்கு ஒவ்வாது என்று கருதி, தொடங்கிய முதல் வாரத்திலேயே அதனைக் கைவிடுவோர் பலர். வேறு சிலர், வலியே பயிற்சியின் பயன் என்று நம்பி, அளவு கடந்து உழைத்துத் தீங்கு தேடிக்கொள்கின்றனர். இவ்விரு பிழைகளுக்கும் காரணம் வலியின் இயல்பை அறியாமையே ஆகும்.

லாக்டிக் அமிலமும் வலியும்

தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால் இவ்வலி உண்டாகிறது என்ற கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கடுமையாக உழைக்கும் தசையில் லாக்டேட் பெருகுவது உண்மையே. தசையில் லாக்டேட் தோன்றும் முறையையும், அதற்கும் பிராணவாயுச் செலவுக்கும் உள்ள தொடர்பையும் ஆராய்ந்த ஓட்டோ மேயர்ஹாஃப், தசை வெளியிடும் வெப்பத்தை அளந்த ஏ. வி. ஹில் ஆகிய இருவருக்கும் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் உழைப்பு நின்ற பின் லாக்டேட் தசையில் நாட்கணக்கில் தங்குவதில்லை. இதயமும் பிற தசைகளும் அதனை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பழைய நிலையை அடைந்துவிடும். வலியோ பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தொடங்கி, 24 முதல் 72 மணிக்குள் உச்சத்தை எட்டி, ஐந்து அல்லது ஏழு நாட்களில் மறைகிறது. ஒரு மணி நேரத்தில் நீங்கும் பொருள் மூன்றாம் நாள் வலிக்குக் காரணமாக இருத்தல் இயலாது.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை இதனைத் தெளிவாக்கியது. அதில் சமதளத்தில் ஓடுவதும், சரிவில் கீழ்நோக்கி ஓடுவதும் ஒப்பிடப்பட்டன. சமதளத்தில் ஓடியபோது இரத்தத்தில் லாக்டேட் உயர்ந்தது. ஆயினும் குறிப்பிடத்தக்க வலி தோன்றவில்லை. சரிவில் ஓடியபோது லாக்டேட் உயரவில்லை. ஆனால் பின்னர் வலி தோன்றியது. ஆகவே வலிக்கான காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டியதாயிற்று.

நீளும் தசையின் உழைப்பு

தசை இரு வகையாக உழைக்கிறது. கிணற்றிலிருந்து வாளியை இழுக்கும்போது மேற்கையின் தசை சுருங்கிக்கொண்டே விசை செலுத்துகிறது. நிறைகுடத்தை மெல்லத் தரையில் இறக்கி வைக்கும்போது அதே தசை நீண்டுகொண்டே விசை செலுத்துகிறது; அவ்வாறு தாங்கிப் பிடியாவிடில் குடம் விழுந்து உடையும். படி ஏறும்போது முன்தொடைத் தசைகள் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. இறங்கும்போது அவை நீண்டவண்ணம் உடலின் எடையைத் தாங்கித் தடை செய்கின்றன. பஸ்கியில் உட்காரும் பகுதியும், தண்டாலில் மார்பைத் தரைக்கு இறக்கும் பகுதியும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

நீளும்போது தசை செலவிடும் சக்தி குறைவு. 1952-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி ஆகிய மூவரும் இதனை ஒரு நூதன ஏற்பாட்டினால் மெய்ப்பித்தனர். இரு சைக்கிள்களை எதிரெதிராக அமைத்துச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அச்சுழற்சியைக் கால்களால் தடுத்து வந்தார். இருவரும் செலுத்திய விசை சமம். எனினும் தடுத்தவர் உட்கொண்ட பிராணவாயு மிகவும் குறைவாக இருந்தது. நீளும் தசை அதே சுமையைக் குறைந்த எண்ணிக்கையுள்ள இழைகளைக் கொண்டே தாங்கிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கும்போது மூச்சு வாங்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் இச்சிக்கனத்திற்கு ஒரு விலையுண்டு. உழைக்கும் ஒவ்வோர் இழையின் மேலும் விழும் பளு மிகுதியாகிறது.

தசையிழை ஒவ்வொன்றும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி போன்றது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 400 அலகுகள் அடங்கும். ஒவ்வோர் அலகிலும் இருவகை நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவிச் செல்வதாலேயே தசை சுருங்குகிறது என்பது 1954-ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. பளுவுடன் நீட்டப்படும்போது சில அலகுகள் அளவுக்கு மேல் இழுபட்டு, அவற்றைப் பிணைக்கும் தட்டுகள் சிதைகின்றன. தசையினுள் ஏற்படும் நுண்ணிய கிழிசலே இவ்வலிக்குக் காரணமாகலாம் என்று 1902-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உடலியல் அறிஞர் தியோடர் ஹஃப் கூறியிருந்தார். 1981-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், படிகளில் பலமுறை இறங்கியவர்களின் காலிலிருந்து சிறு தசைத் துணுக்குகளை எடுத்து மின்னணு நுண்ணோக்கியால் நோக்கி, இத்தகைய சிதைவுகளைக் கண்டனர்.

சிதைவு ஏற்பட்டதும் உடல் பழுது பார்க்கும் பணியைத் தொடங்குகிறது. வெள்ளணுக்கள் அவ்விடத்தில் கூடுகின்றன. நீர் கோத்துச் சிறிது வீக்கம் உண்டாகிறது. சுரக்கும் இரசாயனப் பொருள்கள் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. தசையைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் இதில் பங்கு கொள்கிறது. இவை நிகழப் பல மணி நேரம் ஆவதால் வலியும் தாமதித்தே தோன்றுகிறது. எனவே உழைப்பு வலிக்கும்போது அதனை முற்றிலும் அழிவின் அடையாளமாகக் கொள்ளலாகாது. திருத்தப் பணி நடைபெறுவதையும் அது காட்டுகிறது. வலியின் கடுமையும் சிதைவின் அளவும் எப்போதும் ஒத்திருப்பதுமில்லை. அதுபோலவே, வலி தோன்றாத பயிற்சி பயனற்றது என்பதும் தவறு.

ஒருமுறை பழகிய தசை

பயிற்சியைக் கைவிட எண்ணுவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இவ்வாறு வலிகண்டு ஆறிய தசை, அதே உழைப்பை இரண்டாம் முறை செய்யும்போது முன்போல் வலிப்பதில்லை. சிதைவும் குறைவு, வலுவும் விரைவில் மீள்கிறது. இப்பாதுகாப்பு சில வாரங்கள், சில வேளைகளில் சில மாதங்கள்கூட நீடிக்கிறது. இதற்கு முதல் முறை கடுமையாக உழைத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. இலேசான உழைப்பும் ஓரளவு பாதுகாப்பு அளிக்கிறது.

இதனால் விளங்குவது என்ன? முதல் வாரத்து வலி ஒரு நுழைவுக் கட்டணம் போன்றது. தொடர்ந்து வருபவர் அதனை ஒருமுறையே செலுத்துகிறார். வலிக்கு அஞ்சி நிறுத்திவிட்டு, பல மாதம் கழித்து மீண்டும் தொடங்குபவரோ ஒவ்வொரு முறையும் அதனைச் செலுத்த நேரிடுகிறது. இலேசாகத் தொடங்குபவருக்கு அக்கட்டணமும் மிகக் குறைவு.

வலியுள்ள நாட்களில் செய்யத்தக்கவை

முதலாவதாக, பயிற்சி நேரத்தை விட்டுவிடலாகாது. பயிற்சியின் அளவையே குறைத்துக்கொள்ள வேண்டும். தொடை வலித்தால் அன்று சமதளத்தில் மெல்ல நடக்கலாம். அல்லது கைகளுக்கும் தோள்களுக்கும் உரிய பயிற்சியைச் செய்யலாம். வலியுள்ள தசையை இலேசாக அசைக்கும்போது வலி தற்காலிகமாகத் தணிவதைப் பலரும் உணர்வர். குறித்த வேளையில் மைதானத்திற்கு வரும் பழக்கம் அறுபடாமல் இருப்பதே முக்கியம்.

இரண்டாவதாக, கடும் பயிற்சி பெற்ற தசைத் தொகுதிக்கு இரண்டு நாள் ஓய்வளித்து, பின்னரே மீண்டும் அதனைக் கடுமையாக உழைக்கச் செய்தல் நலம். பஸ்கி புதிதாகத் தொடங்குவோர் முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பத்து, அடுத்த வாரத்தில் பதினைந்து என்று படிப்படியாக உயர்த்திச் செல்லலாம். மலைப் பகுதிக்குச் செல்லவிருக்கும் ஊழியர்கள் சில வாரங்கள் முன்பிருந்தே சிறுசிறு இறக்கங்களில் நடந்து பழகுதல் பயன்தரும்.

மூன்றாவதாக, வலியுள்ள தசையின் வலுவும் குறைந்திருக்கும். கால் வைக்கும் இடத்தை உணரும் திறனும் சிறிது மங்கியிருக்கும். ஆகவே அந்நாட்களில் சுமையுடன் சரிவில் இறங்குவதிலும் ஏணியில் நிற்பதிலும் மிகுந்த கவனம் தேவை.

உடலை நீட்டி வளைக்கும் பயிற்சிகள் வேறு வகையில் நல்லவையாயினும், இவ்வலியைத் தடுப்பதில் அவற்றின் பயன் மிகச் சிறிது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. இதமாகப் பிடித்துவிடுதல் ஓரளவு ஆறுதல் தரும். நல்ல உறக்கமும், போதிய நீரும், பருப்பு, பால், முட்டை போன்ற புரதமுள்ள உணவும் அவசியம். வலி நீக்கும் மாத்திரைகளை வழக்கமாக உட்கொள்வது தகாது. உடலில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றுட் சில சிறுநீரகங்களுக்குத் தீங்கு செய்யும்.

எச்சரிக்கைக் குறிகள்

எல்லா வலியும் தாங்கிக்கொள்ளத் தக்கதன்று. பயிற்சியின் நடுவே சுரீரெனத் தோன்றும் வலி, மூட்டு வீக்கம், ஒரே இடத்தில் குத்தும் வலி, ஒரு வாரத்திற்கு மேலும் தணியாத வலி ஆகியவை வேறு காயத்தைக் குறிக்கலாம். நெஞ்சுவலி தோன்றினால் உடனே பயிற்சியை நிறுத்தி மருத்துவ உதவி பெற வேண்டும்.

இவற்றினும் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. பழக்கமில்லாத தசையை வரம்பின்றி வருத்தினால் தசையிழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மையோகுளோபின் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைப் பாதிக்கும். தாங்கொணா வலி, வீக்கம், தளர்ச்சி ஆகியவற்றுடன் சிறுநீர் கட்டுத் தேநீரின் நிறத்தில் கருத்துப் போகுமாயின், சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெயில் மிக்க காலத்திலும், காய்ச்சலிலிருந்து எழுந்த நாட்களிலும் இவ்வபாயம் அதிகம். அரிவாள் அணு மரபுக்கூறு உடையவர்களுக்கும் இது மிகுதி; மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் இதனை நினைவிற்கொள்ளுதல் நன்று.

தண்டனையாக நூறு, இருநூறு முறை உட்கார்ந்து எழச் சொல்வது எத்துணை ஆபத்தானது என்பது இதிலிருந்து விளங்கும். தானே பயிற்சி செய்யும் சிறுவன் கால் தளர்ந்தால் நிறுத்திவிடுவான். தண்டனைக்கு அஞ்சும் சிறுவனால் நிறுத்த இயலாது. பள்ளிகளில் உடல் தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, தேகப்பயிற்சியைத் தண்டனையாக்கினால் அதன்மேல் வெறுப்பும் வேரூன்றிவிடும்.

ஆசிரியரும் ஊழியரும் செய்யக்கூடியது

எதிர்பாராமல் வரும் வலி அச்சத்தை விளைக்கிறது; முன்னறிந்த வலி அவ்வாறு செய்வதில்லை. ஆகவே பயிற்சி தொடங்கும் நாளிலேயே, “நாளையும் நாளை மறுநாளும் கால்கள் வலிக்கும், வாரக் கடைசியில் சரியாகிவிடும், அடுத்த முறை இவ்வளவு வலிக்காது” என்று மாணவர்களிடம் கூறிவிடுதல் சிறந்தது. ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் அன்று செய்த பயிற்சியையும், வலியை 0 முதல் 10 வரை ஓர் எண்ணாலும் எழுதி வரலாம். முதல் வாரத்தின் எண்ணும் மூன்றாம் வாரத்தின் எண்ணும் அருகருகே நிற்கும்போது, எவ்வுபதேசமும் தராத ஊக்கத்தை அவ்வேடே தந்துவிடும். அது விஞ்ஞான முறையில் ஒரு சிறு பாடமாகவும் அமையும்.

5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும், வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாகவும் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் பரிந்துரைத்துள்ளது. ஒரே நாளில் உடலை வருத்தி இவ்வளவை எட்ட முயல்வதால் பயனில்லை. சிறிதாகத் தொடங்கி, வலித்த நாளில் குறைத்து, விடாது தொடர்வதாலேயே அது கைகூடும். கிர்னார் மலையின் அடிவாரத்தில் சுமை தூக்கி வாழ்வோர் அப்படிகளில் நாள்தோறும் ஏறி இறங்குகின்றனர். யாத்திரிகரின் தசையும் அவர்களுடைய தசையும் ஒரே இயல்பினவே. பழக்கம் ஒன்றே இரண்டையும் வேறுபடுத்துகிறது.