வீதி விபத்து மரண வீதம் பிரதேசத்துக்குப் பிரதேசம் வேறுபடுவது ஏன்?



"ஒரு நாட்டின் பிரதேசங்களுக்கிடையே வீதி விபத்து மரண வீதம் வேறுபடுவதற்கான காரணங்களை விளக்குக" என்று வினா வந்தால், எனது வகுப்பில் பத்துப் பேரில் எட்டுப் பேர் "சாரதிகளின் கவனயீனம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவர். அது பிழையான கூற்று அல்ல. ஆனால் கேட்கப்பட்ட வினாவுக்கு அது விடையும் அல்ல. கவனயீனம் கொழும்பிலும் உண்டு, கற்பிட்டியிலும் உண்டு. எங்கும் உள்ள ஒன்றை வேறுபாட்டுக்குக் காரணமாகக் காட்ட முடியாது. இடத்துக்கு இடம் மாறுவது எது என்பதையே நாம் தேட வேண்டும்.

1. எண்ணிக்கையும் வீதமும்

முதலில் எதை எதனால் வகுக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்க. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அரசாங்கப் புள்ளிவிபரம் இதற்கு நல்ல உதாரணமாகும்.

தமிழ்நாடு: விபத்துகள் 64,105, மரணங்கள் 17,884.
உத்தரப் பிரதேசம்: விபத்துகள் 41,746, மரணங்கள் 22,595.

(அ) மரண எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசமே முதலிடம்.
(ஆ) சனத்தொகையால் வகுத்தால் நிலைமை தலைகீழாகிறது. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 23 கோடிப் பேரும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7.7 கோடிப் பேரும் வாழ்கின்றனர். எனவே ஒரு இலட்சம் பேருக்கான மரணம் முன்னையதில் சுமார் 10, பின்னையதில் சுமார் 23 ஆகும்.
(இ) 100 விபத்துகளுக்கு எத்தனை மரணம் என்று பார்த்தால் மறுபடியும் மாறுகிறது. தமிழ்நாட்டில் 28, உத்தரப் பிரதேசத்தில் 54.

ஒரே ஆண்டு, ஒரே நாடு, விடைகள் வேறு. வாகனமும் பயணமும் மிகுந்த இடத்தில் விபத்துகள் கூடும். ஆனால் விபத்து நடந்த பின் உயிர் தப்புமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு காரணிகள். மேலும், சிறிய விபத்துகளைப் பொலிஸில் பதியாத இடத்தில் பதியப்பட்டவற்றுள் மரண விபத்துகளின் பங்கு கூடுதலாகத் தெரியும். பதியும் முறையும் ஒரு காரணி என்பதை விடையில் குறிப்பிடத் தவறாதீர்கள்.

2. விபத்தின் மூன்று கட்டங்கள்

அமெரிக்க மருத்துவரான வில்லியம் ஹடன் விபத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்து ஆராய்ந்தார். அவை மோதலுக்கு முன், மோதும் வேளை, மோதலுக்குப் பின் என்பனவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் மரணத்தைத் தடுக்க வாய்ப்பு உண்டு என்பதே இதன் பயன்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன், இரவு எட்டு மணியளவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில், வெளிச்சமின்றி வீதியோரம் நின்ற லொறியின் பின்புறம் மோதினான். தலைக்கவசம் அவனிடம் இருந்தது, கைபிடியில் தொங்கியது. வந்த முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றிச் சென்றார்கள். முதலில் ஒரு வைத்தியசாலை, அங்கிருந்து தூரத்திலுள்ள பெரிய வைத்தியசாலை. வழியிலேயே உயிர் போய்விட்டது. மரண வீட்டில் எல்லோரும் "கவனமில்லாமல் போனான்" என்றார்கள். நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். பின்பு இப்பாடத்தைத் தயாரிக்கும்போதுதான், அவனைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இடங்கள் மூன்று இருந்தன என்பது விளங்கிற்று.

3. புத்தளக் கரையோரத்தை உதாரணமாக எடுத்தல்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேரும் புத்தளம் மாவட்டத்தில் சுமார் 7.6 இலட்சம் பேரும் வாழ்ந்தனர். பரப்பில் புத்தளம் கொழும்பைப் போல் நான்கு மடங்குக்கு மேல் பெரியது. எனவே மக்கள் ஐதாகவும், பயணத் தூரம் நீண்டும், உதவி தொலைவிலும் உள்ளன. இதை மூன்று கட்டங்களோடும் பொருத்திப் பார்ப்போம்.

மோதலுக்கு முன்: பேலியகொடையிலிருந்து புத்தளம் வரும் ஏ3 வீதியில் வென்னப்புவ, மாரவில பக்கம் இருபுறமும் கடைகளும் வீடுகளும் நெருங்கியுள்ளன, வாகனங்கள் மெதுவாகவே நகரும். முந்தல், மதுரங்குளி பக்கம் வந்ததும் வீதி நேராகி வெளியாகிறது. வேகம் தானாகக் கூடுகிறது. மீன் லொறி, மரக்கறி லொறி, உப்பு லொறி, சீமெந்து லொறி, தூரப் பயண பஸ் ஆகியன ஓடும் இதே வீதியில்தான் துவிச்சக்கர வண்டியும், நடந்து செல்லும் பிள்ளையும், மாடும் செல்கின்றன. பல இடங்களில் நடைபாதையும் இல்லை, விளக்கும் இல்லை. வேகம் வேறுபட்டவை ஒரே பாதையைப் பகிர்வதே இங்குள்ள முதல் ஆபத்து.

மோதும் வேளை: இயங்கும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம் என விஞ்ஞான பாடத்தில் படித்திருப்பீர்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் 70 ஆகும்போது வேகம் நூற்றுக்கு 40தான் கூடுகிறது. மோதும் சக்தியோ ஏறத்தாழ இரு மடங்காகிறது. பிரேக் பிடிக்க ஒரு செக்கன் தாமதித்தாலே 50இல் 14 மீற்றரும் 70இல் 19 மீற்றரும் வாகனம் ஓடிவிடும். அச்சக்தியை வாங்குவது காரின் தகடா, மனித உடம்பா என்பது அடுத்த கேள்வி. இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். இரவில் பஸ் குறைந்த கிராமங்களில் அதை விட்டால் வேறு வழியில்லை. சரியாகக் கட்டிய தலைக்கவசம் மோட்டார் சைக்கிளில் செல்வோரின் மரண அபாயத்தை நூற்றுக்கு 40 அளவில் குறைக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன.

மோதலுக்குப் பின்: கொழும்பு நகரில் விபத்துக்குள்ளானவருக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. கற்பிட்டி முனையில் விபத்துக்குள்ளானவர் புத்தளம் நகரை அடையவே 40 கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டும். மூளையில் சத்திரசிகிச்சை தேவையெனின் குருநாகலுக்கோ கொழும்புக்கோ மேலும் செல்ல வேண்டும். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். கட்டணமற்ற 1990 'சுவசெரிய' அம்பியூலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில்தான் முதலில் தொடங்கியது. ஏனைய மாகாணங்களுக்குப் பின்னரே விரிவடைந்தது. சேவைகள் எல்லாப் பிரதேசத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

4. உலக நிலை

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகில் 11.9 இலட்சம் பேர் வீதி விபத்துகளில் இறந்தனர். இம்மரணங்களில் நூற்றுக்கு 92 குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தன. ஆனால் உலக வாகனங்களில் நூற்றுக்கு 60 அளவே அந்நாடுகளில் உள்ளன. இறந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகள், துவிச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிளில் சென்றோர் ஆவர். நாடுகளுக்கிடையே காணும் இவ்வேறுபாடு ஒரு நாட்டின் மாவட்டங்களுக்கிடையேயும் காணப்படுகின்றது.

1997இல் சுவீடன் பாராளுமன்றம் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறு செய்வான். அத்தவறுக்கு உயிர் விலையாகாதபடி வீதியை அமைப்பது அரசின் கடமை என்பதே அதன் சாரம். அதன்படி எதிரெதிர் வாகனங்களை நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்தார்கள். பாதசாரிகள் உள்ள இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். இன்று உலகில் மரண வீதம் மிகக் குறைந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. அங்கும் கவனயீனமான சாரதிகள் இருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

5. விடை எழுதும் ஒழுங்கு

• எண்ணிக்கை, வீதம் ஆகியவற்றின் வேறுபாட்டை முன்னுரையில் கூறுக.
• மூன்று கட்டங்களையும் தனித்தனிப் பந்திகளாக எழுதுக.
• ஒவ்வொன்றுக்கும் உமது பிரதேசத்திலிருந்து ஓர் உதாரணம் தருக.
• பதிவு முறையின் குறைபாட்டைக் குறிப்பிடுக.
• கவனயீனத்தைக் கடைசியில், பல காரணிகளுள் ஒன்றாக மட்டும் எழுதுக.

பயிற்சி: உமது வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள வீதியின் வரைபடம் வரைக. ஆபத்தான மூன்று இடங்களைக் குறித்து, அவை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை எனவும், யார் எதைச் செய்தால் திருத்தலாம் எனவும் எழுதுக. (15 புள்ளிகள்)

வரைபடத்தை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். இரவு வகுப்புக்கு வருவோர் வண்டியின் பின்விளக்கு எரிகிறதா என்று புறப்படுமுன் பாருங்கள். தலைக்கவசத்தைக் கைபிடியில் அல்ல, தலையில் போட்டுப் பட்டியைக் கட்டுங்கள்.