தலைப்பின் அளவும் செய்தியின் உண்மையும்

இதழியல் பயில்வோர்க்குரிய இறுதித் தேர்வுகளுள் பலரையும் அஞ்ச வைப்பது செய்திச் செம்மையாக்கமும் பக்க வடிவமைப்பும் சேர்ந்த தாளேயாகும். வரையறைகளை மனப்பாடம் செய்து அதில் தேற இயலாது. கையில் ஒரு செய்தி, எதிரே ஒரு வெற்றுப் பக்கம், சுவரில் கடிகாரம், அவ்வளவே. ஆகவே, நாட்டில் நடந்த நிகழ்வொன்றைக் கொண்டே அதற்கு ஆயத்தமாகும் முறையை விளக்க முற்படுகிறோம்.

2013 அக்டோபர் 23ஆம் நாள், கனமழையால் நீர்மட்டம் உயரவே, கேமரன் மலையின் ரிங்லெட் பகுதியிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமும் புகுந்தன, உயிர்களும் பறிபோயின. இச்செய்திக்கு இரண்டு பத்தி அகலத்தில் தலைப்பிட வேண்டும் எனக் கொள்வோம். ‘அணை உடைந்தது’ என்பது இடத்தில் அழகாக அடங்கும். ஆனால், அணை உடையவில்லை. ‘அணைநீர் திறப்பு: பெர்த்தாமில் வெள்ளம்’ என்பதோ எழுத்தளவைக் குறைத்தாலன்றி அடங்காது. குறைக்க வேண்டியது எழுத்தளவையே. நேர்ந்தது கட்டுமானத்தின் சிதைவா, மனிதர் எடுத்த முடிவின் விளைவா என்பதை அவ்வொரு சொல்லே காட்டுகிறது. வீடிழந்தவர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

‘கேமரன் மலையில் வெள்ளம்’ என்று சுருக்கலாமே எனச் சிலர் கேட்பர். திரிங்காப், பிரிஞ்சாங்குக்கு வடக்கே கம்போங் ராஜா செல்லும் சாலையில் உள்ளது. ரிங்லெட்டோ மலையின் தென்பகுதியில் உள்ளது. திரிங்காப்பில் பெற்றோரை விட்டுக் கோலாலம்பூரில் பயிலும் மாணவர் அத்தலைப்பைக் கண்டால் என்ன பாடுபடுவார்! ஊர்ப்பெயர் இடத்தை அடைப்பதன்று, அதுவே செய்தி.

எழுத்தெண்ணிக்கையை நம்பித் தலைப்பின் அகலத்தைக் கணிப்பதும் தமிழில் பொருந்தாது. ‘ர’ ஓரெழுத்து; ‘கொ’வும் ஓரெழுத்தே. ஆனால், பின்னதற்குக் கொம்பும் காலும் சேர்ந்து மூன்று குறிகளின் இடம் வேண்டும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தின்படி ‘ணை’யின் குறியும் தனித்து நிற்கிறது. எனவே, நாளிதழ்த் தலைப்புகளை மறைத்துவிட்டு, ஒரே செய்திக்கு ஒரு பத்தி, இரு பத்தி, முழுப்பக்க அகலங்களில் தலைப்பெழுதிக் கண்ணாலேயே அளந்து பழகுதல் நன்று.

முதல் வாக்கியத்திலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. முதன்மைச் செய்தியை முன்னே வைக்க வேண்டும் என்று பாடநூல்கள் கூறும். தமிழிலோ முற்றுவினை பெரும்பாலும் இறுதியில் நிற்கும். வாக்கியம் நீண்டால் என்ன நடந்தது என்பதே பின்தங்கிவிடும். பத்துச் சொற்களுக்குள் வினைமுற்று வருமாறு வெட்டிப் பழகுவதை நாம் வலியுறுத்துகிறோம். ‘திரிங்காப்’, ‘டிரிங்காப்’ என ஒரே பக்கத்தில் இருவகையாக எழுதுவதும் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தேர்வின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பக்க அழகுக்குச் செலவிடுவோர் பலர். அந்நேரத்தில் தலைப்பையும் முதற்பத்தியையும் படவிளக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்து ஒப்பிடுக. வெள்ளச் செய்திக்கு அருகில் வெயில் காயும் தேயிலைச் சரிவின் பழைய படம் இருந்தால், அதை நீக்குவதற்கு அப்போதும் நேரம் இருக்கும்.