கல்முனைக் கொடியேற்றம்

ஜமாதுல் ஆகிர் மாதத்துத் தலைப்பிறை தென்பட்டதும் கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேறும். பன்னிரண்டு நாட்கள் மௌலூதும் றாத்தீபும் ஓதப்படும்; மணலிலே கடைகள் விரியும். இறுதி நாளில் கொடியை இறக்கிக் கந்தூரிச் சோறு பகிர்வர். ஏறத்தாழ இரு நூற்றாண்டு வழக்கம் இது என்பது ஊரார் கணக்கு.

இவ்விழாவுக்குரிய பெரியார் இங்கே அடங்கியவர் அல்லர் என்பதை நேயர்கள் முதலிற் கருத வேண்டும். நாகூரிலே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டகை ஹிஜ்ரி 978இல், அதாவது கி.பி. 1570 அளவில் மறைந்தவர். அவர் நினைவைக் கடல் கடந்து கொண்டு சென்றவர்கள் மரக்கல வணிகரும் மாலுமிகளும் ஆவர். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா அவ்வழியே தோன்றியது. துளைபட்ட கப்பலொன்றை ஆண்டகை தம் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்றொரு கதை உண்டு. அது ஒல்லாந்தர் கப்பல் என்பாருமுளர். ஒல்லாந்தர் இக்கடலுக்கு வந்ததோ ஆண்டகை மறைந்து கால் நூற்றாண்டு கழிந்த பின்னர்! ஆயினும் கடலை நம்பிப் பிழைக்கும் மக்கள் அக்கதையை ஏன் விடாது பற்றினர் என்பது விளங்காததன்று.

கொடியேற்றம் கோயில் வழக்கமாயிற்றே, இவ்விழாவும் அங்கிருந்து வந்ததுதானே என்று வினவுவோர் பலர். ஒப்புமை உண்மையே. ஆனால் வேளாங்கண்ணி மாதா கோயிலிலும் ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேறுகிறது. விழா தொடங்கிற்று என ஊருக்கு அறிவிக்கும் பொது மொழியாகவே கொடி இக்கரைகளில் விளங்குகின்றது. மொழி பொதுவாயிருப்பதனாற் பொருளும் ஒன்றாகிவிடாது.

இத்தகைய வினா ஜெர்மனியிலும் எழுந்தது. அங்கே ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்குமுன் முகமூடி தரித்துக் களியாடும் விழா ஒன்றுண்டு. ‘பாஸ்ட்நாக்ட்’ என்னும் அதன் பெயருக்கு நோன்புக்கு முந்திய இரவு என்பது பொருள். கிறிஸ்துவுக்கு முற்பட்ட, குளிரை விரட்டும் சடங்கின் எச்சம் அது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் எழுதினர். பின்வந்த ஆய்வாளரோ நாட்காட்டியை நோக்கினர். இடைக்கால நோன்பில் இறைச்சியும் கொழுப்பும் முட்டையும் விலக்கப்பட்டிருந்தன. ஆதலால் அவற்றை முன்னரே உண்டு தீர்க்க வேண்டியிருந்தது. சீர்திருத்தத் திருச்சபை அந்நோன்பைக் கைவிட்ட பகுதிகளிற் பெரும்பாலும் விழாவும் மறைந்தது. கத்தோலிக்க ரைன் கரையில் நிலைத்தது. வேர் நோன்பிலே இருந்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கல்முனைக்கும் அவ்வாறே நாட்காட்டியைக் கேட்போம். கோயிற் திருவிழாக்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வருவன. இக்கொடியோ பிறைக்கணக்கின்படி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முந்திச் சென்று, வாடைமழையிலும் கோடையிலும் மாறி மாறி ஏறுகின்றது. நாகூர்க் கந்தூரிக்கும் அதே மாதத்தின் அதே பிறையிலேதான் கொடியேறும். வேர் அங்கேதான் இருக்கிறது.

நேர்ச்சையும் வேண்டுதலும் மார்க்கத்துக்கு ஏற்றவையா என்பது வேறு வழக்கு. அதனைத் தீர்ப்பவர் ஆலிம்கள். இவ்வூர்க் குடும்பங்களுக்குள்ளேயே அது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கொடி நாட்களில் கடற்கரைக்குச் செல்வோரும் செல்லாதோரும் ஒரே வீட்டில் இருக்கக் காண்கிறோம். அவ்விவாதத்தில் எப்பக்கம் நிற்போரும் விழாவின் பிறப்பைப் பிறைக்கணக்கிலிருந்தே பேச வேண்டும், கொடிக்கம்பத்தின் தோற்றத்திலிருந்தன்று.