மாத்திரையை விட்ட மறுநாள்

"மாத்திரையை விட்டு ஒன்றரை மாசம்தான் ஆச்சு டாக்டர். இன்னும் பீரியட்ஸே வரல. அதுக்குள்ள எப்படி கரு தங்கும்?"

மகப்பேறு மருத்துவர்களுக்குப் பழக்கமான கேள்வி இது. கேட்பவர் மேல் தவறில்லை. தலைவலி, குமட்டல், இடையிடையே ரத்தக்கசிவு என்று ஏதோ ஒரு தொல்லையால் கருத்தடை மாத்திரையை விட்டிருப்பார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வருஷக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையின் காப்பு இன்னும் சில மாதம் இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இருக்காது. ஹார்மோன் சில நாட்களில் உடலைவிட்டு நீங்கிவிடும். சிலருக்கு ஓரிரு வாரங்களிலேயே கருமுட்டை வெளியாகும். மாதவிடாய் வருவது அதற்குச் சுமார் 14 நாள் கழித்துத்தான். ஆகவே முதல் மாதவிடாய்க்கு முன்பே கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும் என்பதால், அட்டையைப் பாதியில் விட்டவருக்கு அதற்கு முந்தைய சில நாட்களின் உறவும் கணக்கில் வரும்.

கருத்தடை ஊசியின் கதை வேறு. அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் 3 மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் ஊசியை நிறுத்தினால், மீண்டும் கருத்தரிக்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகலாம். சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. சிலருக்கு வெகு முன்னதாகவே கரு தங்கிவிடுகிறது.

நாள் கணக்குப் பார்த்துத் தப்பிக்கலாமா? 8 முதல் 19ஆம் நாள் வரை உறவைத் தவிர்க்கும் முறை, மாதவிடாய்ச் சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக இருப்பவர்களுக்கானது. மாத்திரையை விட்ட முதல் சில மாதங்களில் அந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கும் வழிகள் இருக்கின்றன. காப்பர் டி, கருப்பையில் பொருத்திய உடனேயே வேலை செய்யும். '380ஏ' வகை 10 ஆண்டு தாங்கும். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மருந்துதான் 'சாயா' மாத்திரை. முதல் 3 மாதம் வாரத்துக்கு 2, பிறகு வாரம் ஒன்று. இரண்டுமே அரசுத் திட்டத்தில் இலவசம். ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 100 பெண்களில் 2 பேருக்குக் கரு தங்கலாம். நடைமுறையில் அது 13 வரை போகிறது. கணவர் வாசக்டமி என்னும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும், விந்துப் பரிசோதனை முடியும்வரை, சுமார் 3 மாதம், வேறு பாதுகாப்பு வேண்டும்.

பாதுகாப்பில்லாமல் உறவு நேர்ந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை, 5 நாளுக்குள் காப்பர் டி. இதற்கெல்லாம் ஓடாமலிருக்க, கையிலுள்ள அட்டை தீருமுன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "இதை நிறுத்தப்போறேன், அடுத்தது எதை, எந்த நாளில் ஆரம்பிக்கணும்?" என்று செவிலியரிடம் கேட்டுவிடலாம். கணவரும் கூடப் போனால் இன்னும் நல்லது.